கட்டடத்துக்கு முன்னால் வந்த கருத்தரங்கம்

எங்கள் பக்கம் செமினார் என்றால் முதலில் ஃபிளெக்ஸ் பேனர். கல்லாவியிலிருந்து ஊத்தங்கரைக்கோ கிருஷ்ணகிரிக்கோ பஸ்ஸில் போகும்போது ஏதாவது ஒரு கல்லூரி வாசலில் தொங்கிக்கொண்டிருக்கும்: மாநில அளவிலான ஒருநாள் கணிதக் கருத்தரங்கம். உள்ளே போனால் குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, தாளாளர் உரை, முதல்வர் உரை, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை. அவர் பேச எழுந்திருக்கும்போது மணி பதினொன்றரை ஆகியிருக்கும். சாப்பாட்டு வண்டி வந்துவிட்டதா என்று பின்வரிசை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கும். யாராவது கேள்வி கேட்கக் கை தூக்கினால், ஐயாவுக்கு நேரமாகிறது என்று தொகுத்து வழங்குபவர் மைக்கை வாங்கிக்கொள்வார். சாயங்காலம் சான்றிதழ், குரூப் போட்டோ.

விழா என்ற அளவில் இது நல்ல விழாதான். ஆனால் ஆராய்ச்சி செய்கிற கணிதக்காரர்களுக்கு செமினார் என்பது வேறு சமாசாரம். ஓர் அறை, ஒரு கரும்பலகை, பத்துப் பதினைந்து பேர். ஒருவர் தான் புதிதாகப் படித்ததையோ கண்டுபிடித்ததையோ சாக்பீஸால் எழுதிக் காட்டுவார். புரியாத இடத்தில் கேட்பவர் நிறுத்துவார். 'இந்த வரியிலிருந்து அந்த வரி எப்படி வந்தது?' என்று ஓர் இருபத்திரண்டு வயதுப் பையன் கேட்டாலும், பேசுகிறவர் எவ்வளவு பெரிய பரிசு வாங்கியவராகவே இருந்தாலும், நின்று பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். பதில் வராவிட்டால் பேச்சு அங்கேயே நின்றுபோகும். அடுத்த வாரம் தொடரும்.

தமிழ்நாட்டில் இந்த வழக்கம் ஒரு வக்கீல் வீட்டில் வளர்ந்து, அரசாங்கத்தையே ஒரு நிறுவனம் கட்ட வைத்தது. நம் ஊரில் பொதுவாகக் கட்டடம் முதலில் வரும், திறப்பு விழா நடக்கும், உள்ளே என்ன செய்வது என்று அப்புறம் யோசிப்பார்கள். இங்கே நடந்தது தலைகீழ்.

சென்னை மயிலாப்பூர் லஸ் சர்ச் ரோட்டில் ஏகாம்ர நிவாஸ் என்று ஒரு வீடு. சர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் வாழ்ந்த வீடு. அரசியல் சட்டத்தை எழுதிய வரைவுக் குழுவில் அம்பேத்கரோடு உட்கார்ந்திருந்தாரே, அவர்தான். அவருடைய மகன் அல்லாடி ராமகிருஷ்ணன் இயற்பியல் பக்கம் போனார். ஹோமி பாபாவிடம் வேலை செய்து, பிறகு மான்செஸ்டரில் பார்ட்லெட்டிடம் முனைவர் பட்டம் வாங்கித் திரும்பி, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 1957-58இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் உள்ள உயர் ஆய்வு நிறுவனத்தில் ஓராண்டு இருக்கும் வாய்ப்பு வந்தது. அப்போது ஓப்பன்ஹைமர் அங்கே இயக்குநர்.

அங்கே அவர் பார்த்தது ஆய்வுக்கூடம் இல்லை, இயந்திரம் இல்லை, தேர்வு இல்லை. பார்த்ததெல்லாம் பேச்சுதான். நேற்று நடந்த ஆராய்ச்சியை இன்று கரும்பலகையில் போட்டு உடைக்கிற பேச்சு. அப்போது துகள் இயற்பியல் வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டிருந்தது. பாடப்புத்தகமாக வரும்வரை காத்திருந்தால் பத்து வருஷம் பின்தங்கிப் போவோம், செமினாரில் உட்கார்ந்தால் அன்றைக்கே தெரிந்துகொள்ளலாம் என்பதை அவர் கண்ணால் கண்டார்.

ஊர் திரும்பியதும் அதை இங்கே நடத்தப் பார்த்தார். நம் எம்.எஸ்சி. பாடத்திட்டத்தில் இந்தப் புது இயற்பியலுக்கு இடமில்லை. அதனால் வீட்டிலேயே ஆரம்பித்தார். 1959 வாக்கில் ஏகாம்ர நிவாஸில் கோட்பாட்டு இயற்பியல் செமினார் என்ற பெயரில் ஒரு கூட்டம் கூட ஆரம்பித்தது. பேசியவர்களில் பெரும்பாலோர் அவருடைய ஆராய்ச்சி மாணவர்கள்தான். பின்னாளில் அமெரிக்காவில் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பெயர் பெற்ற ஏ.பி. பாலச்சந்திரன் அந்தக் கூட்டத்தில் ஒருவர். ஆர். வாசுதேவன், என்.ஆர். ரங்கநாதன் இருந்தார்கள். டி.கே. ராதா, ஜி. பாமதி, எஸ். இந்துமதி, துங்கா என்று பெண்களும் இருந்தார்கள். 1959இல் துகள் இயற்பியல் பேச இத்தனை பெண்கள் ஒரே அறையில் இருந்த இடம் உலகத்திலேயே எத்தனை இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ராதாவை 1965இல் ஓப்பன்ஹைமரே பிரின்ஸ்டனுக்கு அழைத்தார்.

சென்னை வழியாகப் போகிற வெளிநாட்டு விஞ்ஞானிகள் எல்லாம் அந்த வீட்டுக்கு வந்து பேசினார்கள். அப்துஸ் சலாம் வந்தார், மரே கெல்-மான் வந்தார், ரிச்சர்ட் டாலிட்ஸ் வந்தார். பேச்சு முடிந்ததும் சாப்பாடு. ராமகிருஷ்ணனின் மனைவி லலிதாதான் இத்தனை விருந்தினரையும் கவனித்துக்கொண்டவர். விஞ்ஞான வரலாறு எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். அந்தச் சமையலறை இல்லாவிட்டால் அந்தக் கரும்பலகை எத்தனை மாதம் தாங்கியிருக்கும் என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இங்கே ஒரு நியாயம் பேச வேண்டியிருக்கிறது. ராமகிருஷ்ணனோடு மட்டும் இந்த வழக்கம் சென்னைக்கு வந்துவிடவில்லை. தூய கணிதத்தில் அதற்கு முன்பே இரண்டு வழிகள் திறந்திருந்தன.

ஒன்று கேம்பிரிட்ஜ் வழி. ராமானுஜன் இங்கிலாந்தில் இருந்த அதே காலத்தில் அங்கே ஹார்டியிடம் பயின்ற கே. ஆனந்த ராவ், திரும்பி வந்து சென்னை பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியரானார். அவரிடம் படித்தவர்கள்தான் டி. விஜயராகவன், எஸ்.எஸ். பிள்ளை, மீனாட்சிசுந்தரம், கே. சந்திரசேகரன் எல்லாரும். இன்னொன்று பாரிஸ் வழி. எலி கார்த்தானிடம் முனைவர் பட்டம் பெற்ற ஷார்ல் ரசீன் என்ற பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார் 1930களின் இறுதியில் இந்தியா வந்து, லயோலா கல்லூரியில் கணிதம் சொல்லித் தந்தார். பாரிஸில் அப்போது புதிதாக வந்துகொண்டிருந்த கணிதத்தைப் படிக்கச் சொல்லி, தேறுகிற பிள்ளைகளை பம்பாயில் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தார். அப்படிப் போனவர்களில் இருவர் சி.எஸ். சேஷாத்ரியும் எம்.எஸ். நரசிம்மனும். நரசிம்மனுக்குச் சொந்த ஊர் அந்நாளைய வட ஆற்காடு மாவட்டத்துத் தண்டரை. எங்கள் ஊர் மாதிரியே கிராமம்தான். பம்பாயில் வெளிநாட்டுப் பேராசிரியர்கள் நடத்தும் பேச்சுகளை மாணவர்களே குறிப்பெடுத்து, திருத்தி, நூலாக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் இருந்தது. கேட்டதைப் புரிந்துகொள்ளாமல் ஒரு பக்கம்கூட எழுத முடியாது. அந்த உலையில் வெந்து வந்த இருவரும் சேர்ந்து 1965இல் நிறுவிய நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றத்தை இன்றும் உலகெங்கும் படிக்கிறார்கள்.

தூய கணிதத்துக்கென்றே ஒரு நிறுவனத்தை 1950இல் அழகப்பச் செட்டியார் தம் பணத்தில் ஆரம்பித்தார். பெயர் ராமானுஜன் கணித நிறுவனம், முதல் இயக்குநர் விஜயராகவன். விஜயராகவன் 1955இல் காலமானார், செட்டியார் 1957இல் காலமானார், நிறுவனம் மூடும் நிலைக்கு வந்தது. வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர் நேருவுக்கு எழுதித்தான் அது பிழைத்து சென்னைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. ஒரு வள்ளலின் கைப்பணத்தை மட்டும் நம்பிய அமைப்பு எவ்வளவு எளிதில் ஆட்டம் காணும் என்பதை அன்றைய சென்னைக்காரர்கள் பார்த்துவிட்டார்கள்.

இத்தனை பேர் கூடி அப்படி என்னதான் பேசுவார்கள் என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். கையில் காகிதம் இருந்தால் நீங்களே போட்டுப் பார்க்கலாம். 1, 16, 81, 256 என்பவை நான்காம் அடுக்கு எண்கள். அதாவது ஓர் எண்ணை நான்கு முறை எழுதிப் பெருக்கினால் வருபவை. இவற்றை மட்டும் கூட்டி 79 கொண்டுவர வேண்டும். எத்தனை எண்கள் தேவைப்படும்? 81 பெரிதாகிவிட்டது, உதவாது. 16ஐ நான்கு முறை போடலாம், 64. மீதி 15. அதற்கு ஒன்று ஒன்றாகப் பதினைந்து. ஆக மொத்தம் 19. இதைவிடக் குறைத்துக் காட்ட யாராலும் முடியாது. கேள்வி இதுதான்: 79க்கு 19 வேண்டியிருக்கிறது, சரி, 19க்கு மேல் கேட்கிற எண் ஏதாவது உண்டா? கிடையாது என்று 1770இல் எட்வர்ட் வாரிங் எழுதினார். நிரூபணம் தரவில்லை.

இதே கேள்வியை ஆறாம் அடுக்குக்கு வைத்தால் விடை 73 என்று 1940இல் நிரூபித்தவர் செங்கோட்டைக்குப் பக்கத்து வல்லத்தில் பிறந்த எஸ்.எஸ். பிள்ளை, ஆனந்த ராவின் மாணவர். அவர் 1950இல் பிரின்ஸ்டனுக்குப் போகும் வழியில் கெய்ரோவுக்கு அருகே விமான விபத்தில் இறந்தார். நான்காம் அடுக்குக்கான 19 மட்டும் பிடிகொடுக்காமல் நின்றது. 1986இல்தான் ஆர். பாலசுப்ரமணியனும் டெஷூயே, திரெஸ் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்களும் சேர்ந்து அதை முடித்தார்கள். வாரிங் எழுதி 216 ஆண்டுகள். இந்த பாலசுப்ரமணியன் பிறகு எந்த நிறுவனத்துக்கு இயக்குநரானாரோ அந்த நிறுவனம் பிறந்த கதைக்குத்தான் இப்போது திரும்புகிறேன்.

1960 ஜனவரியில் நீல்ஸ் போர் சென்னை வந்தார். அணுவின் அமைப்பைச் சொன்னவர், நோபல் பரிசாளர், உலகம் தெய்வமாகக் கும்பிட்ட மனிதர். ஏகாம்ர நிவாஸ் கூட்டத்தையும் பார்த்தார். இந்தியாவில் தன்னைக் கவர்ந்தவை இரண்டு என்று பத்திரிகைக்காரர்களிடம் அவர் சொன்னதாக அல்லாடி குடும்பத்தார் பதிவு செய்திருக்கிறார்கள்: பம்பாயில் பாபா கட்டியிருந்த பெரிய நிறுவனம் ஒன்று, சென்னையில் ராமகிருஷ்ணனைச் சுற்றியிருந்த சின்ன மாணவர் கூட்டம் மற்றொன்று. கோடிகள் கொட்டிய இடத்தையும் ஒரு வீட்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

சொன்னவர் போர் என்பதால் டெல்லிக்குக் காது கேட்டது. அப்போது சென்னை மாநிலக் கல்வியமைச்சர் சி. சுப்பிரமணியம். நேரு சென்னை வரும்போது ராமகிருஷ்ணனையும் மாணவர்களையும் அவர் பார்க்க ஏற்பாடு செய்தார். 1961 அக்டோபரில் ராஜ்பவனில் அந்தச் சந்திப்பு நடந்தது. கோப்பு, குழு, அறிக்கை, மறுகுழு என்று இழுக்காமல் மூன்றே மாதத்தில் நிறுவனம் வந்துவிட்டது. இன்றைக்கு ஒரு பள்ளிக்கூடத்துக்கு மூத்திரப்புரை கட்ட ஒப்புதல் வாங்கவே மூன்று மாதம் போதாது.

1962 ஜனவரி 3ஆம் தேதி பிரசிடென்சி கல்லூரியில் கணித அறிவியல் நிறுவனத்தைத் தொடங்கிவைத்தவர் எஸ். சந்திரசேகர், அதே கல்லூரியின் பழைய மாணவர். ராமகிருஷ்ணன் அன்று பேசிய உரைக்குத் தலைப்பு 'அற்புதம் நிகழ்ந்துவிட்டது'. கொஞ்சம் மிகையான தலைப்புதான். ஆனால் சொந்தக் கட்டடம்கூட இல்லாமல் கல்லூரியில் இடம் வாங்கிக்கொண்டு நின்ற நிறுவனத்தைப் பார்த்து அதன் இயக்குநர் வேறு எப்படிச் சொல்வார்? தரமணிக்குக் குடிபோனது பிறகுதான். சென்னைக்காரர்கள் வாயில் அது மேட்சயன்ஸ் என்றே நின்றுவிட்டது.

பெயரில் கணிதம் இருந்தாலும் ஆரம்ப ஆண்டுகளில் மேட்சயன்ஸின் மனசு இயற்பியலில்தான் இருந்தது. கணிதம் அங்கே முழுதாக வேர்விட இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின. ஆனால் நடுவில் ஒரு வேடிக்கை நடந்தது. ராமகிருஷ்ணனின் மகன் கிருஷ்ணசாமி, சென்னையில் பி.எஸ்சி. படித்துக்கொண்டே எண்கோட்பாட்டில் சொந்தமாக ஆராய்ச்சி செய்துவந்தான். ஓர் எண்ணின் பகாக் காரணிகளைக் கூட்டினால் என்ன வரும், அந்தக் கூட்டுத்தொகை எப்படிப் போகும் என்று ஒரு கேள்வி. பால் எர்டிஷுக்கு எழுதினான். எர்டிஷ் என்றால் வீடு வாசல் இல்லாமல் ஒரு சூட்கேஸோடு உலகம் சுற்றிக் கணிதம் செய்தவர். ஆஸ்திரேலியாவுக்குப் போகும் வழியில் பயணத்தை மாற்றி, 1975 ஜனவரியில் இந்தப் பையனைப் பார்ப்பதற்காகவே சென்னையில் இறங்கினார். இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1977இல் வெளியானது. பையன் பிற்பாடு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ஒரு வீட்டில் வருஷக்கணக்காக இப்படிப்பட்ட பேச்சு நடந்தால், அதைச் சும்மா கேட்டுக்கொண்டு வளரும் பிள்ளைக்கு உலகத்தின் பெரிய ஆளுக்குக் கடிதம் எழுதக் கூச்சம் போய்விடுகிறது. பாடத்திட்டம் எதுவும் இதைத் தராது.

கணினியியலின் கோட்பாட்டுப் பக்கம் சென்னையில் பிறந்த கதை இன்னும் அழகு. அது தாம்பரத்தில், மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் தொடங்கியது. ராணி சிரோமணியும் அவர் கணவர் கிஃப்ட் சிரோமணியும் அங்கே பேராசிரியர்கள். ராணி கணினி மொழிகளின் இலக்கணத்தை ஆராய்ந்தவர். சின்ன விதி ஒன்றைத் திரும்பத் திரும்பப் பிரயோகித்தால் எவ்வளவு சிக்கலான அமைப்பு பிறக்கும் என்பதுதான் அந்தத் துறையின் அடிப்படைக் கேள்வி. மார்கழி மாதம் நம் வாசலில் புள்ளிக் கோலம் போடுகிற பெண்கள் செய்வது அதேதான்: முதலில் சின்னக் கோலம், அதே விதியை இன்னொரு சுற்று ஓட்டினால் பெரிய கோலம். சிரோமணி தம்பதியும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து கோலத்துக்கான இலக்கணத்தை 1974இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். உலகக் கணினியியல் இதழ்களில் கோலம் என்ற சொல் அப்படித்தான் நுழைந்தது.

மேட்சயன்ஸில் இந்தத் துறை 1980களின் நடுவில், இ.சி.ஜி. சுதர்சன் இயக்குநராக இருந்தபோது வந்தது. ஆர். ராமானுஜம், கமல் லோடயா, வி. அரவிந்த், வெங்கடேஷ் ராமன், மீனா மகாஜன் என்று ஒரு குழு திரண்டது. அரவிந்த் பின்னாளில் நிறுவனத்துக்கே இயக்குநரானார். ராமானுஜம் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தோடு சேர்ந்து பள்ளிப் பிள்ளைகளுக்கான கணிதத்திலும் இறங்கி வேலை செய்தார். தரமணியில் கடினமான தர்க்கம் பேசுகிற அதே ஆள் கிராமத்துப் பள்ளி ஆசிரியர்களோடு உட்கார்ந்து பின்னம் எப்படிச் சொல்லித்தரலாம் என்று விவாதிப்பார். எனக்குத் தெரிந்து செமினார் பழக்கம் ஊருக்குள் இறங்கிய ஒரே பாதை அதுதான்.

இந்தத் துறையில் செமினாரின் வேகம் என்ன என்பதற்கு 2002 ஆகஸ்டைச் சொல்லலாம். ஓர் எண் பகா எண்ணா இல்லையா என்பதை வேகமாகவும் பிசகில்லாமலும் கண்டுபிடிக்கும் வழியை ஐஐடி கான்பூரில் மணீந்திர அகர்வாலும், நீரஜ் கயல், நிதின் சக்சேனா என்ற இரண்டு மாணவர்களும் கண்டு, கட்டுரையை மின்னஞ்சலில் நிபுணர்களுக்கு அனுப்பினார்கள். அமெரிக்காவில் பெல் லேப்ஸில் இருந்த கார்ல் பொமரன்ஸ் அதைப் படித்த நாளிலேயே, மதியச் சாப்பாட்டில் நண்பர்களோடு அலசி, பிற்பகலில் திடீர் செமினார் போட்டுவிட்டார். பத்திரிகையில் அச்சாகக் காத்திருக்கவில்லை. மூன்று இந்தியர்களின் நிரூபணம் அன்று மாலைக்குள் ஒரு கரும்பலகைச் சோதனையைத் தாண்டியிருந்தது.

நடுவில் சேஷாத்ரி பம்பாயிலிருந்து சென்னை திரும்பிவிட்டார். 1989இல் ஸ்பிக் அறக்கட்டளையின் ஆதரவில் தி. நகர் ஜி.என். செட்டி ரோட்டில் ஒரு கட்டடத்தின் சில அறைகளில் கணிதப் பள்ளி தொடங்கினார். ஏகாம்ர நிவாஸ் மாதிரியே இதுவும் முதலில் ஆள், அப்புறம்தான் இடம். அதுவே சென்னைக் கணிதவியல் கழகமாகி, 1998இல் பி.எஸ்சி. வகுப்பு ஆரம்பித்து, 2005இல் சிறுசேரிக்குப் போனது. பதினெட்டு வயதுப் பிள்ளை முதல் வருஷத்திலேயே ஆராய்ச்சியாளரின் செமினாரில் பின்வரிசையில் உட்காரலாம் என்பது தமிழ்நாட்டில் அங்கேதான் சாத்தியமாயிற்று.

இதெல்லாம் கல்லாவிக்கு எவ்வளவு தூரம்? மைலில் பார்த்தால் அதிகமில்லை. பெங்களூருவில் இந்திய அறிவியல் கழகம் இருக்கிறது, சென்னைக்கு ராத்திரி ரயில் ஏறினால் விடியலில் போய்விடலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் பி.எஸ்சி. கணிதம் முடித்த பையன்களில் பலர் போச்சம்பள்ளி சிப்காட்டுக்கும் ஓசூர் சிப்காட்டுக்கும் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். ஷிப்ட் வேலையில் குறையொன்றுமில்லை, வீட்டில் அடுப்பெரிகிறது. அவர்களில் சிலருக்காவது வேறொரு வாசலும் இருந்தது என்று யாரும் சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம். எம்.டி.டி.எஸ். என்று கல்லூரி மாணவர்களுக்கான கோடைக் கணிதப் பயிற்சி 1993 முதல் நடக்கிறது. சென்னைக் கணிதவியல் கழகம் நுழைவுத் தேர்வு வைத்துத்தான் ஆள் எடுக்கிறது, சிபாரிசு செல்லாது. மேட்சயன்ஸில் நடக்கும் பேச்சுகள் பல யூடியூபில் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஊத்தங்கரை, பர்கூர், கிருஷ்ணகிரி வட்டாரக் கல்லூரிகளின் கணிதத் துறைகளை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வாரத்தில் ஒருநாள் கடைசி மணி நேரத்துக்கு ஒரு வகுப்பறையை ஒதுக்குங்கள். வருகிறவர் வரட்டும், ஆறு பேர் போதும். பேசுவதற்குப் பொருள் வேண்டுமென்றால் வாரிங்கின் கேள்வியையே கன எண்களுக்கு வையுங்கள்: 1, 8, 27 என்று போகிறவற்றைக் கூட்டி 23 கொண்டுவர ஒன்பது எண்கள் ஏன் வேண்டும் என்று ஆரம்பிக்கலாம். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுதிக் காட்டட்டும், ஆசிரியர் முன்வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்கட்டும்.